மூடிக் கிடந்த முதியோர் இல்லத்தில் பெரியம்மாவின் பீரோவைத் தேடி

முதியோர் இல்லத்தில் யாரையாவது சேர்க்கும் முன் எல்லோரும் பார்ப்பது சாப்பாடு எப்படி, கழிப்பறை சுத்தமா, ராத்திரி நர்ஸ் உண்டா, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதைத்தான். நாங்களும் அதையெல்லாம் பார்த்துத்தான் பெரியம்மாவைச் சேர்த்தோம். அந்த இல்லத்தையே ஒருநாள் இழுத்து மூடிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தர ஆள் இல்லை. எங்களுக்கு அதுதான் நடந்தது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டிடத்துக்குள் நானே போய்ப் பெரியம்மாவின் பொருட்களைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. யாரைக் கேட்பது, எந்த ஆபீசுக்குப் போவது, உள்ளே போகலாமா கூடாதா, எதுவும் தெரியாமல் தவித்தேன். இன்னொரு குடும்பம் அப்படித் தவிக்க வேண்டாம் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் இல்லை. பெரியப்பா போன பிறகு பொன்மலைப்பட்டி வீட்டில் குடும்ப ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு தனியாகவே இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அப்படி விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. என்னோடு வந்து இருங்கள் என்றால், “உனக்கே ஆயிரம் பாடு, நான் வேற எதுக்குடி” என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அவருடைய பழைய தோழி ஒருவர் கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஓர் இல்லத்தில் சேர்ந்திருந்தார். நல்ல காற்று, குளிர்ச்சி, பேச்சுத்துணைக்கு ஆள். பெரியம்மாவே ஆசைப்பட்டுக் கேட்டார். திரும்பத் தரக்கூடிய டெபாசிட் மூன்று லட்சம், மாதம் 22,000 ரூபாய். ஓய்வூதியமும் பொன்மலைப்பட்டி வீட்டு வாடகையும் சேர்ந்தால் அது கிட்டத்தட்ட சரியாகிவிடும், குறைகிறதை நான் போட்டுவிடுவேன். முதல் இரண்டு வருடம் உண்மையிலேயே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரிவு மெதுவாகத்தான் தெரிந்தது. காலைக் காபிக்குப் பாலுக்குப் பதிலாகப் பால் பவுடர் வந்தது. ரொம்ப வருடமாக இருந்த சமையல்கார அக்கா நின்றுவிட்டார். ராத்திரி நர்ஸ் போய், அவர் இடத்தில் ஊசி போடத் தெரியாத ஒரு சின்னப் பெண் வந்தாள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடாது, டீசல் இல்லை என்பார்கள். வாராவாரம் வந்த டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதாக ஆனார். அப்புறம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு: ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அறிகுறி. மாதக் கட்டணத்தில் ஓடிக்கொண்டிருந்த இல்லம் திடீரென்று மொத்தப் பணம் கேட்டால், அங்கே சம்பளமோ வாடகையோ பாக்கி நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பணம் இல்லாததால் நான் கட்டவில்லை. தள்ளுபடிக்காகக் கட்டிய குடும்பங்களுக்கு டெபாசிட்டோடு அதுவும் போயிற்று. பார்க்கப் போகும்போது மேனேஜரிடம் பேசுவதை விட, வராந்தா கூட்டும் ஆயாம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். “சம்பளம் ஒழுங்கா வருதுங்களா” என்ற ஒரு கேள்வி போதும், இல்லத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

மூடும் அறிவிப்பும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. கட்டிடத்தில் பராமரிப்பு வேலை இருக்கிறதாம், இரண்டு வாரத்துக்குள் பெரியவர்களை அழைத்துப்போக வேண்டுமாம், டெபாசிட்டை வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்களாம். எண்பது வயது தாண்டியவருக்கு இரண்டு வாரத்தில் வேறு இடம் பார்ப்பதென்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லீவு போட்டு, திருச்சியிலேயே ஓர் இல்லத்தைப் பிடித்து, மறுபடி டெபாசிட் கட்ட நகையை அடகு வைத்து, கார் பேசிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் சக்கர நாற்காலிகளில் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். யாருக்கு யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு வண்டி வரும்போதும் எல்லாத் தலையும் திரும்பியது. பெரியம்மாவையும் இரண்டு பைகளையும் காரில் ஏற்ற முடிந்தது. அவர் பொன்மலையிலிருந்து கொண்டுவந்திருந்த இரும்பு பீரோவை ஏற்ற முடியவில்லை. எல்லோருடைய சாமான்களையும் லாரியில் அனுப்புகிறோம் என்று மேனேஜர் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு வர யாருமே இல்லை. பெரியம்மா அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் நான் 14567க்கு அழைத்தேன். மூத்த குடிமக்களுக்கென்று நாடு முழுவதும் இருக்கும் இலவச உதவி எண் அது, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எடுப்பார்கள். விவரம் கேட்டுக்கொண்டு மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்தப் பாட்டியும் ஆளில்லாத மற்றவர்களும் வேறோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இந்த எண்ணை இன்றைக்கே உங்கள் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்கு வந்தபின் பெரியம்மா ரொம்ப நாள் பழையபடி ஆகவில்லை. ராத்திரி எழுந்து, பழைய அறையில் கழிப்பறை இருந்த பக்கமாகவே நடப்பார், சுவரில் கை தட்டும், அங்கேயே நின்றுவிடுவார். சாப்பாடு குறைந்தது. “என் பீரோ எப்படி வரும்” என்று தினமும் கேட்பார். லாரி வரவில்லை. மேனேஜரின் போன் முதலில் எடுக்கப்படாமல் இருந்தது, பிறகு அணைக்கப்பட்டது. பீரோவில்தான் பெரியம்மாவின் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணைப் புத்தகம், வங்கி வைப்புத்தொகை ரசீதுகள், பொன்மலைப்பட்டி வீட்டின் பத்திரம் எல்லாம் இருந்தன. தன் காகிதங்கள் தன் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அது நியாயமான ஆசைதான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததில் அவர் கையில் மிச்சம் இருந்தது அந்தக் காகிதக் கட்டு மட்டும். இப்போது நான் எல்லோருக்கும் சொல்வது, அசலை வங்கி லாக்கரிலோ நம்பிக்கையான உறவினரிடமோ வைத்துவிட்டு, நல்ல நகலைக் கோப்பில் போட்டுப் பெரியவரின் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை, பின்னால் எத்தனையோ நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இல்லம் நடத்தியவர்கள் கிடைக்காததால் கட்டிடம் யாருடையது என்று தேட ஆரம்பித்தேன். இதற்கு வக்கீல் தேவையில்லை. பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் கணக்குத் தொடங்கினால், சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சர்வே எண்ணை அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். பார்த்தால் இடமும் கட்டிடமும் ஒரு தனி நபரின் பெயரில். இல்லத்தை நடத்திய அறக்கட்டளைக்குக் குத்தகை எழுதிக் கொடுத்ததாக ஒரு பதிவும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கடை வாடகைக்கு எடுப்பதுபோல் எடுத்து, அதில் வைத்துத்தான் இத்தனை பெரியவர்களிடம் ஆயுளுக்கும் என்று டெபாசிட் வாங்கியிருக்கிறார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நீங்கள் ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால், கட்டிடம் சொந்தமா வாடகையா, வாடகை என்றால் பதிவு செய்த குத்தகை எத்தனை வருடத்துக்கு என்று நேராகக் கேளுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழையும் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் இடத்தில் சேர்க்கவே வேண்டாம். பதிவு செய்த அடமானம் இருந்தால் அதுவும் வில்லங்க விவரத்தில் தெரிந்துவிடும்.

கட்டிட உரிமையாளர் பொள்ளாச்சிப் பக்கம் இருந்தார், வயதானவர். முதலில் பேசவே மறுத்தார். அவருக்கும் வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி. “சாமானெல்லாம் வாடகைக் கணக்குல கெடக்கட்டும்” என்றார். பீரோ அறக்கட்டளையுடையது இல்லை, என் பெரியம்மாவுடையது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மேனேஜர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அந்தச் சின்னச் சீட்டுத்தான் என்னைக் காப்பாற்றியது. அவசரத்தில் இடம் மாற்றுகிறவர்கள், விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு பொருளையும் எழுதி, தேதி போட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்காமல் கிளம்பாதீர்கள். அதற்கு முன்பே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கியிருந்தேன். அதன் நகலையும் பார்த்தபின் உரிமையாளர் சாவி தரச் சம்மதித்தார். இன்ன தேதியில், பகல் வெளிச்சத்தில், இன்ன பொருளை எடுக்க இன்னாருக்கு அனுமதி என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். யாருமில்லாத கட்டிடம்தானே என்று சுவரேறிக் குதிக்காதீர்கள். உங்கள் பொருளே உள்ளே இருந்தாலும் அது அத்துமீறல் வழக்காகிவிடும். உள்ளே ஏதாவது காணாமல் போயிருந்தால் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

துணைக்கு வருவதாகச் சொன்ன உறவினர் கடைசி நேரத்தில் வரவில்லை. உரிமையாளர் குறித்துக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட எனக்குப் பயமாக இருந்தது. கோவையில் பஸ் மாறித் தனியாகவே போனேன். பக்கத்துத் தென்னந்தோப்புக் காவல்காரப் பெரியவரிடம் கடிதத்தைக் காட்டி, கொஞ்சம் கூட வர முடியுமா என்று கேட்டேன். “கேட்டு வரைக்கும் வாறனுங்க அம்மிணி, உள்ளுக்குள்ள நீங்களே பாத்துக்குங்க. முந்தாநேத்து ராத்திரி ஆனை வந்துட்டுப் போச்சுங்க. நாலு மணிக்கு மேல ஒரு நிமிசம் நிக்காதீங்க” என்றார். கையில் ஒரு மூங்கில் தடியைக் கொடுத்தார். அது பாம்புக்கு. நடக்கும் முன் தரையைத் தட்டிக்கொண்டே போகச் சொன்னார்.

பின்பக்கச் சுற்றுச்சுவர் ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு விழுந்து கிடந்தது. போர்டிகோவில் காய்ந்த யானை லத்தி. சமையலறை மளிகை அறையின் ஜன்னல் கம்பிகள் உள்பக்கமாக வளைந்திருந்தன, சுவரில் செம்மண் தேய்ந்த தடம். அரிசி மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து யானைகளுக்கு அரிசி வாசம் நன்றாகத் தெரியும், ரேஷன் கடைக் கதவையே உடைக்கும். மலையடிவாரத்தில் எந்தப் பூட்டிய கட்டிடத்துக்குள் போவதானாலும் முதலில் அக்கம்பக்கத்தாரிடம் யானை நடமாட்டத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். அதோடு, நடைபாதையில் இருந்த கழிவுநீர்த் தொட்டியின் இரும்பு மூடியை யாரோ எடைக்குப் போட எடுத்துப் போயிருந்தார்கள். மேலே புல் மண்டி, குழி தெரியவே இல்லை. பெரியவரின் தடிதான் என்னை அதில் விழாமல் தடுத்தது. கைவிட்ட கட்டிடத்தில் பேய் பிசாசைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆளைக் கொல்லக்கூடியது இந்தத் திறந்த தொட்டியும், காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிகிற கூரையும், துண்டிக்காமல் விட்ட மின்இணைப்பும்தான். கரண்ட் இல்லை என்று உரிமையாளர் சொல்லியிருந்தாலும் நான் எந்த ஸ்விட்சையும் ஒயரையும் தொடவில்லை.

உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடையும் புறா எச்ச வாடையும் சேர்ந்து அடித்தது. எதிரொலி ஒரு மாதிரியாக இருந்தது, என் செருப்புச் சத்தமே என்னைப் பயமுறுத்தியது. செருப்பு என்று சொல்லும்போதே சொல்லிவிடுகிறேன், செருப்போடு போகாதீர்கள். கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். நர்ஸ் அறையைத் தாண்டும் இடத்தில் இன்சுலின் ஊசிகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்தேன். குழாய்கள், ஒயர்கள், இன்வெர்ட்டர் பேட்டரிகள், கழிப்பறைச் சுவரில் பெரியவர்கள் பிடித்து எழுவதற்கென்று போட்டிருந்த எவர்சில்வர் கைப்பிடிகள், எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாலு திருகு ஓட்டை மட்டும் ஒவ்வொரு இடத்திலும் தெரிந்தது. எனக்கு அங்கே அழுகை வந்தது. பெரியம்மா அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஒவ்வொரு நாளும் எழுந்தார்.

சமையலறைச் சுவரில் வெள்ளைப் பலகை அப்படியே இருந்தது. கட்டில் எண்ணைப் போட்டு எதிரே எழுதியிருந்தார்கள். மூன்று, சர்க்கரை கூடாது. ஏழு, மசித்த சாதம். ஒன்பது, உப்புக் குறைவு. பதினாலு, காரம் ஆகாது, ராத்திரி இட்லி. பதினாலு பெரியம்மா. அந்த எழுத்து நின்றுபோன சமையல்கார அக்காவுடையது என்று எனக்குத் தெரியும், ‘இ’ போடும்போது ஒரு சுழி கூடுதலாகப் போடுவார். யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று இத்தனை அக்கறையாக ஒருத்தர் பார்த்துச் சமைத்த இடத்தை, பொறுப்பில்லாத நாலு பேர் இப்படி ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இல்லம் மோசம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அங்கே வேலை செய்த பெண்களுக்கும் பல மாதச் சம்பளம் வரவில்லை. அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

ஆபீஸ் அறையில் பார்த்ததைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். பெரியவர்களின் கோப்புகள் தரையில் கொட்டிக் கிடந்தன. ஆதார் நகல், பான் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மகன் மகள் போன் நம்பர், நோய் விவரம். சில கோப்புகளில் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகள், மாதக் கட்டணத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்தது. கதவு திறந்துதான் கிடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து எடுத்திருக்கலாம். பெரியம்மாவின் கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டேன். மற்றவற்றை நான் தொடவில்லை, அது எனக்கு உரிமையில்லாதது. போனில் அறையைப் படமெடுத்து, காவல் நிலையத்தில் அதே சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். ஆதார் நகல் கேட்கும் இடத்தில் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், ஆதார் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே இன்ன இல்லத்தில் சேர்வதற்கு மட்டும் என்று பேனாவால் எழுதித் தேதி போடுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு யாருக்கும் தர வேண்டாம், வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டால் போதும், நிறுத்துவதும் உங்கள் கையில். பெரியவர்களின் கைரேகையை ஆதாரில் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்காக உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று பதியும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

பெரியம்மாவின் அறை மாடியில். லிஃப்டின் கதவு பாதி திறந்து உள்ளே கரும்பள்ளமாக இருந்தது, படியேறினேன். பீரோ இருந்தது. அத்தனை கனத்தைத் தூக்க முடியாமல் விட்டிருக்கிறார்கள், பூட்டை மட்டும் நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். நெளிந்த கதவில் சாவி திரும்பவில்லை. கீழே வந்து காவல்காரரிடம் கடப்பாரை வாங்கி, போனில் வீடியோவை ஓடவிட்டுத்தான் நெம்பித் திறந்தேன். இதை யாருக்கும் சொல்வேன், பூட்டை உடைக்கும் முன்பே வீடியோ ஓட வேண்டும். கீழ்த்தட்டுப் புடவைகளை எலி கடித்திருந்தது. நடுத்தட்டில் ஜன்னல் வழியே மழைத் தண்ணீர் இறங்கி, பின்தகட்டுத் துருவின் வழியாகக் கரையான் ஏறியிருந்தது. பத்திரத்தின் முத்திரைத்தாள் சல்லடையாகக் கிடந்தது. பி.பி.ஓ. புத்தகத்தைப் பெரியப்பா எப்போதோ ரயில்வே பச்சைத் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருந்தார். அது ஓரம்கூட நனையாமல் இருந்தது. வைப்புத்தொகை ரசீதுகளில் ஒன்றில் மை கரைந்திருந்தது, மற்றவை தப்பின. எடுத்ததை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, காவல்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, அதன் படத்தை உரிமையாளருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். பீரோவை அங்கேயே விட்டுவிட்டேன். மணி நாலாகப் போகிறது என்று பெரியவர் கேட்டிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்.

நெம்பும்போது தகடு கிழித்து உள்ளங்கையில் ரத்தம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். அங்கே இருந்த டாக்டர் எலிச் சிறுநீர் பட்டதா என்று கேட்டு, எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கையில் காயத்தோடு எலி நடமாடிய ஈரமான இடத்தில் புழங்கியிருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தடித்த கையுறை, மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் என்95 முகக்கவசம், டார்ச் லைட், தண்ணீர் பாட்டில் இவை இல்லாமல் போகக் கூடாது. புறா எச்சத் தூளை சும்மா மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் போட்டும் எனக்கு இருமல் நிற்க நாளாயிற்று.

காகிதங்களைச் சரிசெய்வது நான் பயந்த அளவுக்கு இல்லை. வைப்புத்தொகை வங்கியின் கணினியில்தான் இருக்கிறது, ரசீது அழிந்தால் பணம் போகாது. விண்ணப்பமும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்ததும் மாற்று ரசீது தந்தார்கள். வீட்டுப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகலை ஆன்லைனிலேயே விண்ணப்பித்து வாங்கினேன். அரித்த அசலையும் தூக்கிப் போடவில்லை, காற்றுப்படும் கோப்பில் வைத்திருக்கிறேன். விற்கும் நாளில் அசல் எங்கே என்று கேட்பார்கள். வாழ்நாள் சான்றுக்குப் பி.பி.ஓ. எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதாரும் போன் எண்ணும் இருந்தாலே போதும். மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியக்காரர்களுக்கு அது நவம்பர் மாதம், எண்பது வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். போன் கேமராவில் முகத்தைக் காட்டியே பதியலாம், இல்லாவிட்டால் தபால்காரர் சிறு கட்டணத்தில் இருக்கும் இடத்துக்கே வந்து செய்து தருவார். இல்லம் மாறினால் வங்கியில் முகவரியையும் போன் எண்ணையும் உடனே மாற்றிவிடுங்கள். பெரியம்மாவின் கணக்கில் பழைய இல்லத்தின் நம்பர் இருந்ததால் ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

பணக்கணக்கு இதுதான். டெபாசிட் மூன்று லட்சம் வரவில்லை. புது இல்லத்துக்கு வைத்த நகை இன்னும் அடகில் இருக்கிறது. கார், பஸ், நகல், லீவில் போன சம்பளம் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. டெபாசிட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனில் பதியலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. டெபாசிட்டும் மாதக் கட்டணங்களும் சேர்ந்து எனக்குப் பத்து லட்சத்துக்குள் வந்ததால் 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும், தருவார்கள் தருவார்கள் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். கட்டிட முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அறக்கட்டளை பதிவு செய்திருந்த, தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளமான என்.ஜி.ஓ. தர்ப்பணில் அறங்காவலர்களின் பெயர்கள் இருந்தன, அவர்களையும் எதிர்தரப்பினராகச் சேர்த்தபின்தான் வழக்கு நகர்ந்தது.

பெரியம்மா இப்போது பரவாயில்லை. கீழ்த்தட்டில் தப்பிய ஒரு சுங்குடிப் புடவையைத் துவைத்துக் கொடுத்தேன், அதைத்தான் அதிகம் கட்டுகிறார். வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஒரே மாதிரியான பாதிப்பு உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒன்றாகச் சேர்ந்து புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் நோட்டீஸைப் புறக்கணிக்கிறவர்கள் இருபது குடும்பத்தின் நோட்டீஸைப் புறக்கணிக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் இருந்த இல்லமும் இப்படி மூடப்பட்டிருந்தால், பார்வையாளர் நேரத்தில் முகம் பார்த்துப் பழகிய குடும்பங்களின் நம்பர்களை முதலில் தேடி எடுங்கள், இரண்டு வருடக் கெடுவுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தாலும் விட்டுவிட வேண்டாம், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ள ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.